மங்குக்கு ஒன்பது மாதம்: குங்குமாதி தைலமும் ஒரு கோட்டாற்று வைத்தியசாலையும்

நான் உடற்கல்வி ஆசிரியை. ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் 18 ஆண்டுகளாகத் திடலில் நின்று பழகியவள். எங்கள் ஊரில் காற்று ஓயாது. கணவாய்க் காற்றை நம்பிக் காற்றாலைகள் நிற்கும் ஊர் இது. முகத்தில் காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் வெயில் சுடுவது தெரியாது. குடையோ தொப்பியோ வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அதன் பலன் 38 வயதில் கன்னத்தில் வந்து உட்கார்ந்தது.

மங்கு முதலில் பால் விட்ட காப்பியின் நிறத்தில், கன்ன எலும்பின் மேல் இரண்டு பக்கமும் விழுந்தது. பிறகு மூக்குத் தண்டின் குறுக்கே பாலம் போட்டது. மேலுதட்டுக்கு மேல் நிழல் போலப் படிந்தபோதுதான் எனக்கு உண்மையில் வலித்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், மூக்குக்குக் கீழே கரி ஒட்டியிருக்கிறது" என்று கைக்குட்டையை நீட்டினாள். அவள் அன்போடுதான் நீட்டினாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து வெகுநேரம் கண்ணாடி முன்னால் நின்றேன்.

மங்குக்கு ஆயுர்வேத மருத்துவம் தேடுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயுர்வேத மருந்து எனக்குப் பயன் தந்தது. மங்கு முழுவதும் போகவில்லை, பெரும்பகுதி வெளுத்திருக்கிறது. வெயிலை மறைக்காமல் இதே குங்குமாதி தைலத்தை இதே ஒன்பது மாதம் பூசியிருந்தால் ஒரு பைசா பயனும் இருந்திருக்காது. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. நடுவில் ஒருமுறை வெயிலில் நின்று, என் முகத்திலேயே அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வைத்தியசாலையின் பெயரை எழுத வேண்டாம் என்று டாக்டர் கேட்டுக்கொண்டார். இருக்கிற கூட்டத்தையே அவரால் சமாளிக்க முடியவில்லை. நாகர்கோவில் கோட்டாற்றில், கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கும் பழைய ஓட்டு வீடு அது. மருந்துகளின் பெயர்களை மறைக்காமல் எழுதுகிறேன். அவை பொதுவான சாஸ்திர மருந்துகள், எந்த நல்ல ஆயுர்வேத மருத்துவரிடமும் கிடைப்பவை.

அங்கே போவதற்கு முன் நான் செய்த மூன்று தவறுகளைச் சொல்லியாக வேண்டும். அவற்றைச் செய்துகொண்டிருப்பவர்கள் இதைப் படிக்கக்கூடும்.

முதல் தவறு எலுமிச்சை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று எலுமிச்சைச் சாற்றில் தேன் கலந்து காலையில் பூசி, அரைகுறையாகக் கழுவிவிட்டுத் திடலுக்குப் போனேன். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் தோல் வெந்து கறுக்கும். இரண்டே நாளில் இடது கன்னத்தில் சாறு வழிந்த கோடு அப்படியே கருங்கோடாக நின்றது. அது மறைய மூன்று மாதம் பிடித்தது.

இரண்டாவது தவறுதான் பெரியது. மருந்துக் கடையில் மருத்துவர் சீட்டு இல்லாமல் ஒரு களிம்பு வாங்கினேன். "எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். மூன்றே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. எனக்கு வந்த மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. எட்டு மாதம் விடாமல் பூசினேன். பிறகு வெயிலில் நின்றால் முகம் சிவந்து எரிந்தது, கன்னத்தில் நூல் போல மெல்லிய ரத்த நாளங்கள் தெரிந்தன. களிம்பை நிறுத்தினால் பத்து நாளில் மங்கு பழையதைவிடக் கறுப்பாகத் திரும்பியது. மறுபடி பூசுவேன், வெளுக்கும். நிறுத்துவேன், கறுக்கும். இப்படி ஒரு சுழலில் ஓராண்டு போயிற்று.

மூன்றாவது, இணையத்தில் வாங்கிய 'குங்குமாதி' தைலப் புட்டி. விலை குறைவு. திறந்ததும் பூக்கடை வாசனை. உள்ளங்கையில் விட்டால் ரத்தம் போலச் சிவப்பு, கழுவினாலும் ரேகையில் சாயம் நின்றது. உண்மையான தைலத்துக்கு அந்த நிறமும் கிடையாது, அந்த மணமும் கிடையாது என்பது பின்னால்தான் தெரிந்தது.

2024 ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வியாழக்கிழமை, வைத்தியசாலையில் டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஓர் இளைஞர். கழுத்தைச் சுற்றிக் கறுத்துத் தடித்திருக்கிறது, அதற்குப் பூச எண்ணெய் வேண்டும் என்று வந்திருந்தார். டாக்டர் அவர் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இதற்கு எண்ணெய் தரமாட்டேன் மக்களே. முதலில் சர்க்கரை பார்த்துவிட்டு வாருங்கள். எடையையும் குறைக்க வேண்டும்" என்று அனுப்பிவிட்டார். விற்கக்கூடிய ஒரு புட்டியை விற்காமல் அனுப்புகிறாரே என்று எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்தது.

டாக்டர் ஆயுர்வேதம் படித்துப் பட்டம் பெற்றவர். தாத்தா காலத்து வைத்தியசாலையை நடத்துகிறார். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. கஷாயமும் தைலமும் எங்கள் பாட்டிமார் காலத்திலிருந்து வீட்டுப் பேச்சு. தமிழ்நாட்டின் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி கோட்டாற்றில் இருப்பதும் அந்தத் தொடர்ச்சிதான் என்று நினைக்கிறேன்.

என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது, "இதுவரை என்ன பூசினீர்கள்? குழாயைக் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்பது. கைப்பையில் இருந்த களிம்புக் குழாயை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பொடி எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டினார். ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மோமெட்டசோன். மூன்றாவது பெயரின் மேல் விரலை நிறுத்தினார். "இது ஸ்டீராய்டு, டீச்சர். குறுகிய காலத்துக்குத் தோல் மருத்துவர் பார்வையில் பூச வேண்டியது. எட்டு மாதம் பூசுவதற்கு இல்லை." இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதித்திருத்தம் கொண்டுவந்ததையும் அவரே சொன்னார். எனக்கு விற்றவர் அதைச் சொல்லவில்லை. நானும் குழாயைத் திருப்பிப் படிக்கவில்லை.

வெளுப்புக் களிம்புகளில் இதைவிட மோசமானதும் உண்டு. 2023-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்த பலரை விசாரித்தபோது, அவர்கள் பூசிய வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் இருந்தது தெரியவந்தது. முகத்தில் பூசியது சிறுநீரகம் வரை போகிறது. தயாரித்தவர் முகவரி இல்லாத எந்தக் களிம்பையும் தொடாதீர்கள் என்று இந்த இடத்தில் கெஞ்சிக் கேட்கிறேன்.

முதல் நாள் அவர் எனக்குத் தைலமே தரவில்லை. களிம்பைச் சட்டென்று நிறுத்தினால் முகம் வெந்துவிடும், அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். ஓர் ஆயுர்வேத மருத்துவர் அப்படி எழுதியது எனக்கு வியப்பாக இருந்தது. கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னார். கருத்தடை மாத்திரை உண்டா, கர்ப்ப காலத்தில் இந்த நிறம் வந்ததா, அம்மாவுக்கு இருந்ததா என்று விசாரித்தார். அம்மாவுக்கு இருந்தது. புகைப்படத்தில் அம்மாவின் கன்னத்தில் எப்போதும் இருந்த அந்த நிழலை நாங்கள் யாரும் நோய் என்று நினைத்ததே இல்லை.

அடுத்து, "கோபம் வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். திடலில் நிற்கிறவளுக்குக் குரல் உயர்த்தாமல் வேலை நடக்காது. ஆயுர்வேதத்தில் மங்குக்கு வியங்கம் என்று பெயர். சுசுருத சம்ஹிதை என்ற பழைய நூல் அதன் காரணமாகக் கோபத்தையும் உடல் அயர்ச்சியையும் சொல்கிறதாம். அவற்றால் சீறிய வாயு பித்தத்தோடு சேர்ந்து முகத்துக்கு ஏறி, வலியில்லாத, மெல்லிய, கருநிற வட்டத்தை உண்டாக்கும் என்பது அதன் விளக்கம். அந்த மூன்று அடையாளங்களையும் கேட்டதும் என் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. வலியில்லை, தடிப்பில்லை, கறுப்பு மட்டும்தான். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் யாரோ ஒருவர் இதே முகத்தை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார்.

நான்கு வாரம் கழித்து, ஜூலை நடுவில், மருத்துவம் தொடங்கியது. மூன்று பகுதிகள்: வாரம் ஒருமுறை வைத்தியசாலையில் முகலேபம் என்ற மருந்துப் பூச்சு, குடிக்கக் கஷாயம், வீட்டில் தினமும் தைலம்.

முகலேபத்தை நான் அழகு நிலையத்தில் போடும் பூச்சு போல நினைத்துப் போனேன். அங்கே இருந்த ஒழுங்கைப் பார்த்து ஒரு விளையாட்டு ஆசிரியையாக எனக்கு மனம் நிறைந்தது. மஞ்சிட்டி, அதிமதுரம், வெள்ளிலோத்திரப் பட்டை, சந்தனம், வெட்டிவேர், மைசூர்ப் பருப்பு எல்லாம் சேர்ந்த பொடி. அதைக் காய்ச்சாத பாலில் குழைக்கிறார்கள். அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூல் முகலேபத்தின் கனத்தைக்கூட விரற்கடைக் கணக்கில் சொல்கிறது: கால், மூன்றில் ஒன்று, அரை. எதற்காகப் பூசுகிறோமோ அதைப் பொறுத்துக் கனம் மாறும். நிறத்துக்குப் பூசுவது அரை விரற்கடை. பூசியிருக்கும்போது பேசக் கூடாது, தூங்கக் கூடாது, வெயில், நெருப்பு, துக்கம், கோபம் எதுவும் ஆகாது.

முக்கியமானது அடுத்த விதி. காயவிடக் கூடாது. காய்ந்து இறுகினால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். முகம் இழுத்துப் பிடித்து, சிரித்தால் விரிசல் விடும்வரை உட்கார்ந்திருப்போம். காய்ந்த லேபம் நிறத்தைக் கெடுக்கும் என்பதே சாஸ்திரம். ஓரம் வெளுக்கத் தொடங்கியதும் லேபம் போடும் அம்மா ஈரத்துணியை வைத்து நனைத்து, ஊறவைத்து, மேலிருந்து கீழாக வழித்து எடுப்பார். தேய்க்கவே மாட்டார். "தேய்த்தால் கறுக்கும் டீச்சர். கறை போக்குவதற்கு இது சட்டைக் காலர் இல்லையே" என்பார். முன்பெல்லாம் நான் பீர்க்கங்கூட்டால் கன்னத்தைத் தேய்த்திருக்கிறேன். தேய்த்த புண் ஆறும்போது இன்னும் கறுத்துத்தான் ஆறும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கஷாயம் மஞ்சிஷ்டாதி. 15 மில்லியோடு 60 மில்லி வெந்நீர் கலந்து காலையும் மாலையும் வெறும் வயிற்றில். கசப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கசக்கும். சிறுநீர் சற்றுச் சிவக்கலாம், பயப்பட வேண்டாம் என்று முன்னரே சொல்லியிருந்தார். இரண்டு மாதம் குடித்தேன். முகத்துக்கு அது எவ்வளவு உதவியது என்று தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. மலச்சிக்கல் போனது மட்டும் நிச்சயம்.

இனி தைலம். பெயரில் உள்ள குங்குமம் நெற்றியில் வைக்கும் குங்குமம் என்றே நான் நினைத்திருந்தேன். நெற்றிக் குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது. வடமொழியில் குங்குமம் என்றால் குங்குமப்பூ. அஷ்டாங்க ஹிருதயத்தின் உத்தர ஸ்தானத்தில் சொல்லப்பட்ட தைலம் இது. சந்தனம், வெட்டிவேர், அரக்கு, அதிமதுரம், மஞ்சிட்டி, தாமரைத் தாது, ஆலம் விழுது போன்றவற்றைக் கஷாயமாக்கி, ஆட்டுப் பாலும் நல்லெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, கடைசியில் குங்குமப்பூவைச் சேர்ப்பது. அதிமதுரத்தில் உள்ள கிளாப்ரிடின் என்ற பொருள், தோலில் நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியைத் தடுக்கிறது என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். அரக்கும் ஆலம் விழுதும் அங்கே என்ன செய்கின்றன என்று டாக்டரிடம் கேட்டேன். "ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்காதீர்கள், நீங்கள் கபடி அணி அமைப்பது போலத்தான்" என்றார். எனக்கு அது புரிந்தது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை தைலம் காய்ச்சுவதைப் பார்க்க அனுமதி கேட்டேன். வீட்டின் பின்கட்டில் விறகடுப்பு, அதன்மேல் வெண்கல உருளி. அண்ணாச்சி ஒருவர், எழுபது வயது இருக்கும், சட்டுவத்தை எடுக்காமல் அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருந்தார். பால் சேர்ந்த தைலத்தை ஒரே நாளில் முடிக்கமாட்டார்களாம். ஆறவிட்டு மறுநாளும் தொடர வேண்டும். நான் போனது இரண்டாம் நாள். எண்ணெய்க்குள் மருந்து அரைத்த விழுது மணல் மணலாகத் திரண்டு அடியில் உருண்டுகொண்டிருந்தது. பால் முறுகிய மணமும் வெட்டிவேர் மணமும் சேர்ந்து வந்தன. அண்ணாச்சி சட்டுவ நுனியால் கொஞ்சம் விழுதை எடுத்து, ஊதி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினார். திரி போல உருண்டது, விரலில் ஒட்டவில்லை. அதை அடுப்புத் தீயில் காட்டினார். படபடவென்று வெடித்தது. "நீர் இருக்கிறது" என்று மறுபடி கிண்டத் தொடங்கினார். அரை மணி நேரத்தில் இன்னொரு திரி. இந்த முறை சத்தமே இல்லாமல் நின்று எரிந்தது. அதே நேரத்தில் உருளியின் விளிம்பில் நுரை கட்டியது. நெய் காய்ச்சினால் நுரை அடங்குவது பதம், எண்ணெய்க்கு நுரை எழும்புவது பதம் என்று சொல்லிக்கொண்டே விறகை இழுத்துவிட்டார். எத்தனையோ அஞ்சல் ஓட்டங்களை நேரம் குறித்திருக்கிறேன். இவ்வளவு துல்லியமாக ஒரு நொடியைப் பிடித்த கையை நான் பார்த்ததில்லை.

குங்குமப்பூவைத் தீயில் விடுவதில்லை. அதைக் கல்வத்தில் பொடித்து ஒரு பாத்திரத்தின் அடியில் வைத்து, வடிகட்டிய தைலத்தைச் சூட்டோடு அதன்மேல் ஊற்றுகிறார்கள். இதைப் பாத்திர பாகம் என்கிறார்கள். வந்து சேர்வது தேன் கலந்த மஞ்சள் நிறம். மணம் மென்மையாக, எள்ளும் பாலுமாக இருக்கும். பூவைச் சோதிக்கும் வழியையும் அண்ணாச்சி காட்டினார். வெதுவெதுப்பான நீரில் போட்டால் நல்ல பூ மெல்ல மெல்ல மஞ்சளை விடும், இழை சிவப்பாகவே நிற்கும். போலி உடனே சிவப்பைக் கக்கிவிட்டு வெளுத்துப்போகும். நான் வாங்கிய இணையப் புட்டியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

கடையில் வாங்குபவர்கள் புட்டியில் உரிம எண், காலாவதித் தேதி, எந்த நூலின்படி செய்தது என்ற குறிப்பு, அடிப்படை எண்ணெய் என்ன என்ற நான்கையும் பாருங்கள். நல்லெண்ணெய்க்குப் பதில் வேறு எண்ணெயில் செய்து அதே பெயரில் விற்பதும் உண்டு.

எனக்குச் சொன்ன அளவு இரவில் ஐந்து துளி. முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் இரண்டு நாள் பூசிப் பார்க்கச் சொன்னார். பிறகு முகத்தில், விரல் நுனியால், அழுத்தாமல். மூன்றாம் வாரம் தாடையிலும் நெற்றியிலும் பொடிப் பொடியாகப் பரு கிளம்பியது. எனக்கு எண்ணெய்ப் பசையுள்ள முகம். "நச்சு வெளியேறுகிறது, தொடருங்கள்" என்று சொல்லுவாரோ என்று பயந்துகொண்டுதான் போனேன். அப்படிச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். "உங்கள் தோலுக்கு இரவு முழுவதும் எண்ணெய் ஆகாது. மாலையில் அரை மணி நேரம் போதும். பிறகு பயற்றம்பருப்பு மாவால் கழுவிவிடுங்கள்" என்று முறையை மாற்றினார். பத்து நாளில் பரு அடங்கியது. தலையணை உறையில் மஞ்சள் கறை படிவதும் அதோடு நின்றது.

வீட்டில் என் மாமி சொன்ன ஜாதிக்காய் வைத்தியத்தையும் டாக்டரிடம் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தனக் கல்லில் பாலை விட்டு ஜாதிக்காயை நான்கைந்து சுற்று உரைத்து, மங்கு உள்ள இடத்தில் மட்டும் வாரம் இருமுறை, பத்து நிமிடம். எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமி தன் கையாலேயே உரைத்துத் தருவார். அவருக்கு அதில் ஒரு பெருமை. எனக்குச் சற்றுக் குறுகுறுத்தது, எரியவில்லை. சிலருக்கு எரியும்.

இத்தனைக்கும் மேலே டாக்டர் விடாமல் பிடித்தது வெயிலை. காலை 9 முதல் மாலை 4 வரை வெயிலில் நிற்காதீர்கள் என்றார். என் வேலையே அதுதானே என்றேன். "அப்படியென்றால் வேலையின் நேரத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள்" என்றார். எங்கள் தலைமையாசிரியையிடம் போய் நின்றேன். பயிற்சிகள் காலை 7 மணிக்கும் மாலை 4.30-க்கும் மாறின. நடுப்பகல் விளையாட்டு வகுப்புகள் திடலின் மேற்கு ஓரத்துப் புளியமரத்தடிக்கு வந்தன. பிள்ளைகளுக்கும் அதனால் நல்லதே. நான்கு விரல் அகல ஓரம் உள்ள துணித் தொப்பி வாங்கினேன். துத்தநாக ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் சேர்ந்த, தோல் நிறமுள்ள வெயில் களிம்பைத் தோல் மருத்துவர் எழுதித் தந்திருந்தார். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமின்றிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும், அதைத் தடுக்க அந்த இரும்பு ஆக்சைடு வேண்டும் என்றார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசினேன். ஆயுர்வேத டாக்டர் இதற்கு ஒரு மறுப்பும் சொல்லவில்லை.

செப்டம்பரில் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தில் போட்டிகள். மூன்று நாள். என் பிள்ளைகள் தொடர் ஓட்டத்தில் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டார்கள். தொப்பியை எங்கே வைத்தேன் என்றே தெரியாமல் கோட்டோரம் ஓடினேன். ஞாயிறுதோறும் காலை 7 மணிக்கு, சமையலறையின் வடக்கு ஜன்னல் அருகே, ஒரே தூரத்தில் என் முகத்தைப் படம் எடுத்துவைக்கிறேன். போட்டிக்கு முந்தைய ஞாயிற்றுப் படத்தையும் அடுத்த ஞாயிற்றுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டு மாத மருந்து மூன்று நாளில் போயிருந்தது. தைலத்தை ஒருநாளும் விடவில்லை. டாக்டரிடம் படங்களைக் காட்டி, ஏன் இப்படி என்று கேட்டேன். "கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தால் ஆகுமா டீச்சர்?" என்றார். திட்டவில்லை. மருந்தையும் கூட்டவில்லை. அதே ஐந்து துளிதான்.

அக்டோபரிலிருந்து ஒழுங்காக இருந்தேன். வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொண்டது. மேகம் மூடிய அந்த வாரங்களுக்கும் இந்த முன்னேற்றத்தில் பங்கு உண்டு என்று நியாயமாகச் சொல்ல வேண்டும்.

அளவுகள் இவை. தொடங்கும்போது இடது கன்னத்துத் திட்டு நூல் வைத்து அளந்ததில் 4.6 செ.மீ. நீளம், வலது 3.1 செ.மீ. 2025 மார்ச் இறுதியில் வலது பக்கம் ஓரங்கள் உடைந்து, தெரிந்தவர்கள் தேடினால்தான் தெரிகிறது. மூக்கின் மேல் இருந்த பாலம் அறுந்துவிட்டது. மேலுதட்டு நிழல் போய்விட்டது. இடது கன்னம் மட்டும் பிடிவாதமாக இருக்கிறது. நீளம் 3.8 செ.மீ., நிறம் பால் விட்ட காப்பிக்குத் திரும்பியிருக்கிறது. ஆழத்தில் இறங்கிய நிறமி மெதுவாகத்தான் குறையும், முழுவதும் போகாமலும் இருக்கலாம் என்று இரண்டு மருத்துவர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கு மனத்தாங்கல் இல்லை. அம்மாவின் கன்னத்திலும் அந்த இடம்தான்.

செலவையும் எழுதிவைத்திருக்கிறேன். பத்து முறை பார்த்ததற்கு ஆலோசனைக் கட்டணம் 150 வீதம் 1,500 ரூபாய். முகலேபம் எட்டு முறை, 350 வீதம் 2,800. தைலம் 10 மில்லி புட்டி 480 ரூபாய். ஒரு புட்டி 40 நாள் வரும், ஏழு புட்டிக்கு 3,360. கஷாயம் ஒன்பது புட்டி, 140 வீதம் 1,260. வீட்டில் போட லேபப் பொடி ஆறு பொட்டலம், 110 வீதம் 660. மொத்தம் 9,580 ரூபாய். வெயில் களிம்பும் இரத்தப் பரிசோதனையும் இதில் சேரவில்லை. நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லாததால் போக்குவரத்துக்குச் செலவில்லை. ஓர் ஆசிரியைக்கு இது தாங்கக்கூடிய தொகை. என் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார் பலருக்கு இது பெரிய தொகை. அவர்கள் கேட்டால், அரசு மருத்துவமனையும் தொப்பியும் முதலில், தைலம் பிறகு என்றுதான் சொல்கிறேன்.

வைத்தியசாலையில் எனக்குக் குறைகள் உண்டு. வியாழக்கிழமை இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். முற்றத்தில் நிழல் போதாது, வெயிலால் வந்த நோய்க்கு வெயிலில் வரிசை நிற்பது சரியில்லை. இதை டாக்டரிடமே சொன்னேன், டிசம்பரில் பந்தல் போட்டார்கள். லேபப் பொடிப் பொட்டலத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிடவில்லை. நான் கேட்டபோது கைப்பட எழுதித் தந்தார், கேட்காதவர்களுக்கும் தர வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இந்தக் கஷாயம் தருவதில்லை என்பதைப் பலகையில் எழுதிவைத்தால், தொலைவிலிருந்து வருபவர்கள் அலைய வேண்டியதில்லை.

ஏழாவது புட்டியில் கால்வாசி மீதி இருக்கிறது. இனி வாரம் மூன்று நாள் பூசினால் போதும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். தொப்பியை மட்டும் விடக் கூடாதாம்.

நீங்கள் எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் போனாலும், முதல் நாள் முகத்தில் எதையும் பூசாமல் போங்கள். பவுடர் பூசிக்கொண்டு போனால் நிறம் தெரியாது. பழைய புகைப்படம் ஒன்று, மங்கு விழுவதற்கு முந்தையது, கையோடு இருக்கட்டும். இதுவரை பூசிய களிம்புக் குழாய்களை, காலியானதாக இருந்தாலும், ஒன்றுவிடாமல் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.